கயிறு உரசும் இடம்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. நூல் முறுக்கும் பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எந்நேரமும் பரபரத்துக்கொண்டிருப்பதால் 'வெந்நீர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலாளிகூட, "அந்த வெந்நீரக் கூப்பிடு, நாலாவது மெஷின் கத்துது" என்றுதான் சொல்லுவார். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள நின்று நிதானிக்க வேண்டுமே.

பட்டறையில் மெஷின்களைப் பராமரிப்பது அவள் வேலை. தேய்ந்ததை மாற்றுவாள், தளர்ந்ததை முடுக்குவாள், காய்ந்ததற்கு எண்ணெய் விடுவாள். பத்து வருஷமாக இதே வேலை. மெஷின் ஓடும்போது நூலைச் சுழற்றி முறுக்கும் கதிர்களின் வரிசையை ஒட்டி நடந்து போனாலே எது சரியாகச் சுற்றுகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பெரும்பாலும் அந்த நினைப்பு பொய்க்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு பதறிப்போனாள்.

காலையில் நூல் சுற்றி நிரம்பிய பாபின்களைக் கழற்றிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "அக்கா, இதென்ன பஞ்சு மூட்டை மாதிரி இருக்கு?" என்று ஒரு பாபினை நீட்டினாள். வெந்நீர் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். விரல் உள்ளே இறங்கியது. கல் மாதிரி இருக்க வேண்டிய பாபின். ஒரு முழம் நூலை உருவி, இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல அருகே கொண்டுவந்தாள். நல்ல முறுக்கு ஏறிய நூல் என்றால் அந்த நிமிஷமே துள்ளித் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இது செத்த புழு மாதிரி தொங்கியது.

"எந்த ஸ்பிண்டில்ல எடுத்த?"

"மூணாவது மெஷின், கடைசியில இருக்கற நாலுமே இப்படித்தான்கா."

நாலும் ஒரே டேப்பில், ஒரே பட்டை நாடாவில் ஓடும் கதிர்கள். வெந்நீர் மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். டேப் கதிரின் இடுப்பைச் சுற்றிப் போகும் இடத்தில் கறுப்பாக ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டாள். எண்ணெய். எண்ணெயோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்து கெட்டிப்பட்டு, கண்மை மாதிரி அப்பியிருந்தது.

முறுக்கும் மெஷினில் உராய்வு என்பது ஒரே ஆள் இல்லை. நூலை இழுத்துக்கொண்டு வளையத்தின் மேல் ஓடும் குட்டிக் கொக்கிக்கு உராய்வு ஆகாது, சூடாகித் தெறித்துவிடும். அங்கே வழவழப்பு வேண்டும். கதிரைச் சுழற்றும் டேப்புக்கோ உராய்வுதான் உயிர். அது இறுகப் பிடித்தால்தான் கதிர் முழு வேகத்தில் சுற்றும். அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் டேப் வழுக்கும், கதிர் சோம்பிப்போகும். மேலே இருக்கும் உருளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. அவை பாட்டுக்கு நூலை விட்டுக்கொண்டேயிருக்கும். சுற்று குறைந்து நூல் மட்டும் குறையாமல் வந்தால் முறுக்கு எங்கிருந்து ஏறும்?

எண்ணெய் எப்படி அங்கே போனது என்று அவள் யாரையும் கேட்கத் தேவையில்லை. கதிர் நிற்கும் குழாய்க்குள் அளவோடு எண்ணெய் விட வேண்டும். குச்சி விட்டு ஆழம் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். கடைசியாக ஊற்றியவள் அவள்தான். குச்சியைத் தேடப் பொறுமையில்லாமல் கைக்கணக்கில் ஊற்றினாள். கூடிப்போனது மேலே வழிந்திருக்கிறது. அழுக்கு கெட்டிப்பட்டிருந்ததைப் பார்த்தால் நேற்று இன்று வழிந்ததாகத் தெரியவில்லை. வாரக்கணக்காக வழுக்கியிருக்கிறது. வாரக்கணக்காக அந்த நாலு கதிர்களும் சோம்பிய நூலைச் சுற்றித் தள்ளியிருக்கின்றன.

சட்டென்று அவளுக்கு நினைவு வந்தது. போன மாதம் இந்த மெஷினில் ஓடியது வெள்ளை நூல். அது போனது கயிற்றுப் பட்டறைக்கு. கயிற்றுப் பட்டறையில் அந்த நூலில் பின்னிய கயிற்றைத்தான் அவள் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

தம்பி உயரமான கட்டடங்களில் வெளிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவன்.

"முதலாளி, நான் வெளிய போறேன்."

முதலாளி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எதற்கும் அவசரப்படாத மனுஷன். வீடு தீப்பிடித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார் என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

"எங்க? மெஷின் ஏன் நின்னுருக்கு?"

"டேப்பு வழுக்குது. போன மாச நூலெல்லாம் கோளாறு. கயித்துக்காரர்கிட்ட சொல்லணும்."

"போன் பண்ணிச் சொன்னா போச்சு. மத்தியானமா..."

அவர் வாக்கியத்தை முடிக்கும்போது அவள் தெருவில் இருந்தாள்.

தம்பிக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். தொங்கும்போது அவன் போன் எடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் சும்மா இருக்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து அடித்தாள், சிக்னலில் நின்றபோது அடித்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "எடுக்கலன்னா விடுங்கம்மா, வேலையா இருப்பாங்க" என்றார்.

"வேலையா இருக்கான்னுதான் அடிக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க."

அம்மா போனபோது தம்பிக்கு விவரம் தெரியாத வயசு. அவனைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது எல்லாம் அவள்தான். கல்யாணம் ஆன பிறகும் அவனையும் அவன் மனைவியையும் தன் வீட்டு மாடியிலேயே குடிவைத்தாள். வானத்தைத் தொடும் கட்டடத்தில் அவன் முதல்முறையாகத் தொங்கியபோது கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, போவோர் வருவோரிடமெல்லாம், "அது என் தம்பி" என்று சொன்னவள். போன வாரம் அந்தப் புதுக் கயிற்றை அவன் கையில் கொடுத்து, "நான் முறுக்கின நூல்டா. இதுல தொங்கினா எங்கூட இருக்கற மாதிரி" என்றாள். அவன் வாங்கிக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அரைகுறையாக இருந்தது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

கயிற்றுப் பட்டறைக்காரர் அவள் நீட்டிய நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு ரேக்கில் சுருட்டி வைத்திருந்த நீலக்கோடு போட்ட கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி இரண்டு ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னார். அசையவில்லை.

"பாத்தியா, அறல. ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

"இழுத்தா அறாதுண்ணே. உரசிப் பாருங்க."

அவர் முகம் மாறியது. கயிற்றை இரும்புச் சட்டத்தின் விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் இழுத்தார். நல்ல கயிறு என்றால் லேசாக மெருகேறும். இதில் கொஞ்ச நேரத்திலேயே பிசிறு எழுந்தது. இன்னும் சில இழுப்பில் பிசிறு பூனை மயிர் மாதிரி அடர்ந்தது. பிறகு மேல்பின்னலில் ஓர் இழை பட்டென்று விட்டது, அதன் பக்கத்தில் இன்னொன்று. முறுக்கு இல்லாத நூல் தனித்தனி இழையாகப் பிரிந்து நிற்கும். பிரிந்து நிற்பதை எந்த விளிம்பும் ஒவ்வொன்றாக அறுத்துவிடும்.

"இதுல யார் யாருக்குண்ணே குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல. சுருள் முழுக்க இங்கதான் இருக்கு. நாளைக்குத்தான் அனுப்பறதா இருந்தேன்." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீதானே நெருப்புல நின்ன மாதிரி நின்னு மொதத் துண்ட வெட்டி வாங்கிட்டுப் போன?"

பட்டறையை விட்டு வெளியே போன கெட்ட கயிறு ஒன்றே ஒன்றுதான். அதைத் தேடிப் பிடித்து, அவசரப்படுத்தி, தன் கையாலேயே தம்பிக்குக் கொடுத்திருக்கிறாள்.

தம்பி கண்ணாடி துடைப்பதாகச் சொல்லியிருந்த வங்கிக் கட்டடம் இரண்டு தெரு தள்ளியிருந்தது. ஆட்டோ பிடிக்கும் நேரத்தில் ஓடிவிடலாம் என்று ஓடினாள். முன்பக்கச் சுவரில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கண்ணாடி பளீரென்று அடித்தது. நீலத் தொப்பி போட்டிருப்பவன் தம்பியாக இருக்க வேண்டும், தோளைச் சாய்ப்பது அவனைப் போலவே இருக்கிறது என்று நினைத்துக் கையை ஆட்டிக் கத்தினாள். நீலத் தொப்பி திரும்பிப் பார்த்தது. வேறு யாரோ.

கயிறு கட்டித் தடுத்த இடத்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரி எழுந்து வந்தார். முழங்கால் வலிக்காரர்; ஒவ்வோர் அடிக்கும் முகம் சுளிப்பார்.

"ஏம்மா இங்க நின்னு கத்தற? மேல இருக்கறவன் பயந்துருவான்."

"என் தம்பி எங்க? அவன எறக்குங்க மொதல்ல."

மேஸ்திரி அவளை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"என்னண்ணே? அவனுக்கு என்ன?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவன் இங்க வேலைக்கு வர்றதில்ல. மழைக்கு முன்னாடியே நின்னுட்டானே. வீட்ல சொல்லலியா?"

மழை முடிந்து மாதக்கணக்காகிறது. இன்று காலையில்கூட அவன் தோள்பையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை அதில் தொங்கவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். "பாத்து தொங்குடா" என்று இவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "சரிக்கா" என்றான்.

"ஏன் நின்னான்?"

"ஒரு நாள் காத்துல கொஞ்சம் வீசிருச்சு. அடி ஒண்ணும் படல. ஆனா அதுக்கப்புறம் மொட்டை மாடி விளிம்புக் கட்டைகிட்ட வந்தாலே கால் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. நாலு நாள் பாத்தான், முடியல. பயந்தவன நான் தொங்கவிட மாட்டேம்மா, அது பாவம்."

அவள் தடுப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கயிற்றில் இல்லை. தம்பி தரையில் இருக்கிறான். அந்த நிம்மதி மேலெழும்பி வருவதற்குள் கோபம் அதை முந்திக்கொண்டது. இத்தனை மாதம் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய்வருகிறான்?

"இப்ப எங்க இருக்கான்?"

மேஸ்திரி தலையால் எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியைக் காட்டினார். "அங்க கீழ, கார் நிறுத்தற எடத்துல. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஆஸ்பத்திரிக்குக் கீழே சரிவாக இறங்கிய பாதையில் ஈர சிமெண்ட் வாடை அடித்தது. விளக்குகள் வெள்ளையாக எரிந்தன. வரிசையாகக் கார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, ரப்பர் செருப்போடு தம்பி ஒரு காரின் கூரைக்கு சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். தூணில் ஓர் ஆணியில் அவன் தோள்பையும் ஹெல்மெட்டும் தொங்கின.

அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பஞ்சு நழுவியது.

"அக்கா."

"நல்லா இருக்குடா. பூமிக்கு மேல தொங்கறவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன், நீ பூமிக்குள்ள இருக்க."

"அக்கா, நான் சொல்லணும்னுதான்..."

"எப்ப? எனக்குப் பேரன் பொறந்தப்புறமா? போன எடுக்க என்னடா கேடு? உயிர் போயி உயிர் வந்துச்சு எனக்கு!"

"பையில இருந்துச்சு. சைலன்ட்ல." அவன் தண்ணீர்க் குழாயை அடைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "என்னாச்சு? ஏன் இப்படி வேர்த்துருக்கு?"

அவள் சொன்னாள். எண்ணெய், டேப், சோம்பிய கதிர், இரும்புச் சட்டத்தில் விட்டுப்போன இழை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். கடைசியில், "நல்லவேளை, நீ தொங்கல. அந்தக் கயித்த எடு, எரிச்சிட்டுதான் மறுவேல" என்று கையை நீட்டினாள்.

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"கயிறு எங்கிட்ட இல்லக்கா."

"பின்ன?"

"ஒல்லிகிட்ட குடுத்துட்டேன். நமக்கு எதுக்குன்னு... அவன் கயிறு பழசாயிருந்துச்சு. எங்க அக்கா முறுக்கினதுன்னு சொல்லிக் குடுத்தேன்."

ஒல்லி அவனோடு சேர்ந்து தொங்கியவன். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீட்டுக்கு வந்தால் இவள் கையால் சாப்பிடாமல் போகமாட்டான்.

"அவன் எங்க?"

"வங்கியில. பின்பக்கம்."

அவள் இப்போதுதான் அங்கிருந்து வருகிறாள். முன்பக்கம் நின்று மூன்று பேரையும் அண்ணாந்து பார்த்தாள். தம்பி இல்லை என்று தெரிந்ததும், அந்த நொடியே, கயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அது இப்போது வேறு ஒருவனைச் சுமந்துகொண்டு அதே கட்டடத்தின் இன்னொரு பக்கத்தில் தொங்குகிறது.

இரண்டு பேரும் ஓடினார்கள். சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி கிரீச்சென்று நின்று, ஓட்டியவர் வாய்க்கு வந்ததைத் திட்டினார். தம்பி செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினான். பின்பக்கச் சந்தில் நின்று மேலே பார்த்தார்கள். ஒல்லி பாதிச் சுவரில் இருந்தான். காதில் பாட்டு மாட்டியிருந்தான். தலை தாளத்துக்கு ஆடியது. ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குக் காலால் சுவரை உதைத்து இடமும் வலமுமாக ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய் ஒல்லி!" தம்பி கத்தினான். மேஸ்திரியும் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்து கத்தினார். ஒல்லி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்தான்.

"ஆடறானே, அவன் ஆட ஆட மேல உரசுமே" என்றாள் வெந்நீர். "மேல போகணும்."

லிஃப்ட் வரை மூவரும் சேர்ந்தே போனார்கள். மேஸ்திரி காவலாளியைக் கூப்பிட்டு மாடிச் சாவியைக் கொடுத்தார். லிஃப்ட் திறந்ததும் அவளும் காவலாளியும் உள்ளே போனார்கள். தம்பி வாசலில் நின்றான். ஒரு காலை உள்ளே வைத்தான். அந்தக் கால் துடித்தது. துணி உலர்த்தும் கொடி காற்றில் நடுங்குவது போல நடுங்கியது. அவன் அதைக் கையால் பிடித்துப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"முடியலக்கா."

"சரி, நில்லு. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

"சேஃப்டி கயிறு, அவன் இடுப்புல மாட்டினது, தனியா தொங்கும், சிவப்பு. அதப் புடிச்சு மூணு தடவ நீளமா இழு. எறங்குன்னு அர்த்தம். அவன் கயித்தத் தொடாத, தூக்கப் பாக்காத. நான் கீழேருந்து சைகை காட்டி ஆடாம எறங்க வைக்கறேன்."

கதவு மூடியது.

மொட்டை மாடியில் காற்று முகத்தில் அறைந்தது. அவள் கட்டையை நோக்கி ஓடினாள். இரும்பு வளையத்தில் கட்டியிருந்த நீலக்கோட்டுக் கயிறு விறைப்பாகப் போய் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. விளிம்பில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு காற்றிலோ ஆட்டத்திலோ ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தது. கயிறு வெறும் சிமெண்ட் முனையில் கிடந்து, கீழே ஒல்லி ஆடும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ரம்பம் போல ஓடியது. பிசிறு காற்றில் பறந்தது. மேல்பின்னல் வாய் பிளந்து உள்ளே வெள்ளைத் திரி தெரிந்தது.

அதைப் பிடித்துக்கொள்ளக் கை தானாகப் போனது. வாழ்நாள் முழுக்க அவள் கை அப்படித்தான், மூளைக்கு முன்னால் போகும். அவள் கையை இழுத்துக்கொண்டாள். சிவப்புக் கயிற்றைத் தேடினாள். பிடித்தாள். நீளமாக ஒரு இழுப்பு. நிதானமாக இன்னொன்று. இன்னொன்று.

ஒன்றும் நடக்கவில்லை. நீலக்கோட்டுக் கயிறு மறுபடி வலப்பக்கம் ஓடியது. ஓர் இழை விட்டது. காவலாளி, "ஐயோ" என்றார்.

அவள் மறுபடி இழுத்தாள். ஓடிப்போய் எட்டிப் பார்த்துக் கத்த வேண்டும் போல் உடம்பு முறுக்கியது. நகராமல் நின்று, தம்பி சொன்ன மாதிரியே, நீளமாக மூன்று தடவை இழுத்தாள்.

கயிற்றின் ஆட்டம் நின்றது. கீழேயிருந்து தம்பியின் குரல் மெலிதாக வந்தது. கயிறு விளிம்பில் அசையாமல் நின்று, சின்னச் சின்னதாக அதிர ஆரம்பித்தது. ஒல்லி இறங்கிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பிளந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிமைத்தால் அறுந்துவிடும் என்பது போல. ஒரு கட்டத்தில் கயிறு பொதுக்கென்று தொய்ந்தது. அறுந்துவிட்டதா, தரையைத் தொட்டுவிட்டானா என்று தெரியவில்லை. கட்டையைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். சந்தில் தம்பி யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த யாரோ திமிறிக்கொண்டிருந்தான்.

அவள் கீழே வந்தபோது ஒல்லி இடுப்பில் கைவைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். "பாதி வேலையில எறக்கறீங்க, பக்கெட் மேலயே நிக்குது, என்னடா வெளையாட்டு?" மேஸ்திரி, காவலாளி மேலிருந்து அவிழ்த்துவிட்ட கயிற்றைச் சுருட்டி, பிசிறு கிளம்பிய இடத்தை அவன் முன் நீட்டினார். ஒல்லி அதை இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தான். பாட்டு மாட்டியிருந்த காதிலிருந்து கம்பியைக் கழற்றினான். தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

குடித்து முடித்ததும் தம்பியைப் பார்த்து, "அக்கா முறுக்கினதுன்னு பெருமையாக் குடுத்தியேடா" என்றான். யாரோ சிரித்தார்கள். ஒல்லிதான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"தப்பு எம்மேலதான்பா" என்றாள் வெந்நீர். "எண்ணெய அளக்காம ஊத்தினேன்."

ஒல்லி தலையை நிமிர்த்தவில்லை. "இப்ப எதுவும் பேசாதீங்கக்கா. கொஞ்ச நேரம் பேசாதீங்க."

அவள் பேசாமல் நின்றாள். அவ்வளவு நேரம் ஓர் இடத்தில் அவள் நின்றதைத் தம்பி பார்த்ததில்லை.

பட்டறைக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னபோது அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு மூன்றாவது மெஷினுக்குப் போய், குனிந்து, கறுப்பு மையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊத்தினது?"

"நாந்தான். குச்சி போட்டுப் பாக்கல."

அவர் விரலை ஒரு கந்தல் துணியில் துடைத்தார். "உன்ன வேலைய விட்டு அனுப்பணும்னுதான் தோணுது" என்றார். "ஆனா நீ ஓடலன்னா இது தெரிஞ்சிருக்காது. என்ன செய்யறதுன்னு நாளைக்குச் சொல்றேன். இப்ப எல்லா மெஷினையும் நிறுத்து. ஒவ்வொரு டேப்பா பாக்கலாம். நானும் வர்றேன்."

சாயங்காலம் வரை இருவரும் ஒவ்வொரு கதிராகத் துடைத்தார்கள். வேறு எங்கும் வழுக்கவில்லை. கயிற்றுப் பட்டறைக்காரர் சுருள் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அவளுக்கு முன்பே வந்து, மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மனைவியோ ஒன்றும் நடக்காதது போல ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியாம்மா இவன் பண்ணினத?" என்றாள் வெந்நீர், வாசற்படியிலேயே நின்று. "மாசக்கணக்கா நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டான்."

"என்னைய ஆக்கல அண்ணி."

"என்ன?"

தம்பி மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "வெயில்ல தொங்கற மனுஷன் கறுத்துப் போவாரு. இவரு நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே வந்தாரு. சட்டையில கார் ஷாம்பு வாசம். நான்தானே தொவைக்கறேன்? எனக்கு அப்பவே தெரியும்."

தம்பி வாயைப் பிளந்து மனைவியைப் பார்த்தான்.

"தெரிஞ்சு ஏன் கேக்கல?" என்றாள் வெந்நீர்.

"அவரா சொல்லட்டும்னு இருந்தேன். எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு, தரையில இருக்காரேன்னு." கொஞ்சம் தயங்கினாள். "அவரு மறைச்சது எங்கிட்ட இல்ல அண்ணி, உங்ககிட்ட. நீங்கதான் தெருவுல ஒருத்தர் விடாம சொல்லிக்கிட்டு இருந்தீங்க, என் தம்பி பயமே அறியாதவன்னு. அப்புறம் எப்படி வந்து உங்ககிட்ட பயமா இருக்குன்னு சொல்லுவாரு? சொல்ல வந்தாலும் நீங்க நிக்கறதே இல்லையே."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பாதத்தில் எங்கோ கல் குத்திய காயம் காய்ந்திருந்தது.

வெந்நீர் படியிறங்கி வெளியே போனாள். தெருமுனை வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். கறிகாய் விற்கிறவர், "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். தம்பி முதல்முறையாகக் கட்டையிலிருந்து இறங்கத் திரும்பிய அந்த நாளில் அவன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். கீழே நின்றவளுக்கு அவன் முதுகு மட்டுமே தெரிந்திருந்தது. முகம் எப்படி இருந்தது என்று அவள் யாரையும் கேட்டதே இல்லை.

திரும்பி வந்தபோது அவன் வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் நின்றாள்.

"அந்த எடத்துல வேல எப்படிடா?"

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "பரவால்லக்கா. கொஞ்சம் ஈரம். மத்தபடி யாரும் தொந்தரவு பண்றதில்ல."

"புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்குன்னு இல்ல." யோசித்தான். "காலைல எழுந்திரிக்கறப்ப வயிறு கலங்கறதில்ல. அது போதும் இப்போதைக்கு."

"காத்துல வீசிச்சுன்னாரே மேஸ்திரி. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"அது பெரிய கதைக்கா. உனக்கு நேரம்..."

"இருக்கு. சொல்லு."

அவன் குழாயை மூடினான். பிறகு, அன்று காலையில் வானம் எப்படி இருந்தது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். நடுவில் இரண்டு தடவை அவளுக்கு ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்காமல் விட்டாள். அவன் சொல்லி முடிக்கத் தெருவிளக்கெல்லாம் எரிந்துவிட்டது.